கேட்டுக்கு மோட்டார் வைக்கும் முன் கையால் தள்ளிப் பாருங்கள்

ஐப்பசி மழையில் ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் காரை நிறுத்தி, குடையை விரித்து இறங்கி, கேட்டைத் தள்ளித் திறந்து, திரும்ப ஏறி வண்டியை உள்ளே விட்டு, மறுபடியும் இறங்கி வந்து கேட்டை மூடுகிறவர்களுக்கு இந்த மோட்டார் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. குமரி மாவட்டத்தில் அந்த நனைதல் வருஷத்துக்கு இரண்டு சீசன்: ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் ஒன்று, அக்டோபருக்கு மேல் வடகிழக்கு ஒன்று. எங்கள் வீட்டில் மழையைவிடப் பெரிய காரணம் அம்மா. எழுபது வயது, இரண்டு முட்டிலும் வலி, நான் வெளியே போனால் பின்னாலேயே நடந்து வந்து கேட்டை இழுத்து மூடுவார், வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார்.

தக்கலைப் பக்கம் எங்கள் வீடு, முட்டத்தில் அக்கா வீடு, ஆரல்வாய்மொழியில் சித்தப்பா வீடு என்று இதுவரை மூன்று கேட்டுகளுக்கு மோட்டார் வைக்கும்போது ஆரம்பம் முதல் கடைசி வரை கூடவே நின்றிருக்கிறேன். நான் எலக்ட்ரீஷியன் இல்லை, வெல்டரும் இல்லை. ஆனால் புதிதாக வைக்கப் போகிற ஒருவர் எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும், எதைத் தானே செய்யலாம், எதற்கு ஆளைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்பது இப்போது தெரியும்.

முதலில் கேட், அப்புறம்தான் மோட்டார்

எங்கள் வீட்டில் வைத்த முதல் மோட்டார் ஏழு மாதத்தில் போய்விட்டது. வந்தவர்கள் ஒரே மத்தியானத்தில் மாட்டி, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள், கேட் எப்படி ஓடுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை, எனக்கும் பார்க்கத் தெரியவில்லை. உள்ளே இருந்த கியர் தேய்ந்து பல் போன பிறகு, பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கேட்டைப் பிடித்திருக்கிற மோட்டாரின் பிடியைச் சாவி போட்டு விடுவித்துவிட்டு ஒரு கையால் கேட்டைத் தள்ளினார். நகரவில்லை. "அண்ணே, மோட்டார குறை சொல்லாதீங்க, கேட்டுல்லா ஓட மாட்டேங்கு" என்றார்.

மோட்டாரின் வேலை நன்றாக ஓடுகிற கேட்டைத் தள்ளுவது மட்டும்தான். திணறுகிற கேட்டையும் அது கொஞ்ச நாள் தள்ளும், அதனால்தான் குறை வெளியே தெரிவதில்லை. எனவே கடைக்குப் போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தொங்கவிட்டு நிறுக்கிற ஸ்பிரிங் தராசு ஒன்றை வாங்கி, அதன் கொக்கியைக் கேட்டில் மாட்டி, தரைக்கு இணையாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். கேட் நகரத் தொடங்கும்போது எத்தனை கிலோ, ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை கிலோ, எந்த இடத்தில் கூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் கேட்டில் நடுவில் ஓரிடத்தில் 28 கிலோ காட்டியது. சரி செய்த பிறகு முழுத் தூரத்துக்கும் 6, 7 கிலோதான். தராசு இல்லையென்றால், வீட்டில் இருக்கிற வயதானவர் ஒரு கையால் நிற்காமல் தள்ள முடிகிறதா என்று பாருங்கள், அதுவும் போதும்.

எங்கே திணறும் என்றால், பெரும்பாலும் கீழே இருக்கிற வீல்களில் பேரிங் போயிருக்கும், அல்லது ட்ராக் நடுவில் வாகனம் ஏறி ஏறி அமுங்கியிருக்கும், அல்லது மேலே கேட்டைச் சாயாமல் பிடிக்கிற நைலான் ரோலர்கள் இறுக்கமாக இருக்கும். வீல் மாற்றுவது சின்னச் செலவு. ட்ராக் அமுங்கியிருந்தால் ஒட்டு வேலை பார்க்காமல் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துக் கீழே கான்கிரீட் போட்டு மட்டம் பார்த்து மறுபடி பதியுங்கள். டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற கொத்தனார் முறை இதற்கு ரொம்பச் சரியானது.

இந்த வேலையோடு சேர்த்தே ட்ராக்கின் இரண்டு முனையிலும் இரும்பு ஸ்டாப்பர் வைத்துவிடுங்கள். கேட் அதைத் தாண்டிப் போகவே முடியாதபடி, தரையில் பதித்த அல்லது கனமாக வெல்டிங் செய்த ஸ்டாப்பர். இதை மோட்டாரின் லிமிட் ஸ்விட்ச், அதாவது கேட் முனைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்துகிற ஸ்விட்ச், பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஸ்விட்ச் என்றைக்காவது வேலை செய்யாமல் போகும், அன்றைக்குக் கேட் மேல் ரோலரை விட்டு வெளியேறிச் சாய்ந்தால் கீழே நிற்கிறவர் பிழைக்க மாட்டார். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு அது.

ஸ்லைடிங்கா, இரட்டைக் கதவா

புது வீடு என்றால் இதை நீங்களே தீர்மானிக்கலாம். பழைய வீடு என்றால் இருக்கிற கேட்டுக்கு ஏற்ற மோட்டார்தான், ஆனாலும் யோசித்துப் பார்க்க வேண்டிய விஷயங்கள் உண்டு.

கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் நிலம் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும், வீடு ரோட்டுக்கு மேலே இருக்கும், இல்லையென்றால் கீழே. ரோட்டிலிருந்து உள்ளே ஏற்றமாக இருந்தால் உள்பக்கம் திறக்கிற இரட்டைக் கதவு தரையில் இடிக்கும், வெளிப்பக்கம் திறந்தால் ரோட்டில் போகிறவர் மேல் இடிக்கும், ஆகவே ஸ்லைடிங்தான் வழி. எங்கள் வீடு போல உள்ளே இறக்கமாக இருந்தால் ஸ்லைடிங் வைக்கலாம், ஆனால் ரோட்டு மழைத் தண்ணீரெல்லாம் செம்மண்ணோடு வந்து ட்ராக்கில்தான் நிற்கும். ட்ராக்குக்கு வெளியே ஒரு அடி தள்ளி, குறுக்கே ஒரு ஓடை வெட்டி மேலே கம்பி மூடி போட்ட பிறகுதான் எங்களுக்கு அந்தத் தொல்லை போனது. மதில் ஓரமாகக் கேட் ஓடுகிற திசையிலேயே சரிவு இருந்தால் மட்டும் ஸ்லைடிங் மோட்டாரை யோசிக்காதீர்கள், கரண்ட் இல்லாத நேரத்தில் பிடியை விடுவித்ததும் கேட் தானே உருண்டு ஓடும். முதலில் ட்ராக்கை மட்டமாக்குங்கள்.

ஸ்லைடிங்குக்கு, கேட்டின் அகலமும் அதற்கு மேல் இரண்டு அடியும் மதில் ஓரமாகக் காலி இடம் வேண்டும். அந்த இடத்தில் தென்னையோ கிணறோ இருந்தால் இரட்டைக் கதவைத் தவிர வேறு வழியில்லை.

இரட்டைக் கதவுக்குக் காற்றுதான் எதிரி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் வீசுகிற காற்றைத் தெரியாதவர் இங்கே இல்லை, அதை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆறடி அகலம், ஐந்தடி உயரம், முழுக்கத் தகடு அடித்த ஒரு கதவின் மேல் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக அடித்தால் ஏறக்குறைய 38 கிலோ பாரம் அதைத் தள்ளும். ஒரு பெரிய பையன் கதவில் தொங்குகிற மாதிரி. மோட்டாரின் கை அந்தப் பாரத்தை எதிர்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டும். சித்தப்பா வீட்டில் கதவின் மேல் பாதித் தகட்டை எடுத்துவிட்டுக் கம்பி வைத்தோம், காற்று ஊடே போகிறது, மோட்டாரும் திணறாமல் ஓடுகிறது. இரட்டைக் கதவுக்கு இரண்டு மோட்டார் வேண்டும் என்பதால் செலவும் கூடும். தூணும் வலுவாக இருக்க வேண்டும். வெறும் செங்கல் தூணில் மோட்டாரின் கையை மாட்டினால் ஆறு மாதத்தில் விரிசல் விடும், கம்பி கட்டிய கான்கிரீட் தூண் அல்லது தூணின் மறுபக்கம் வரை போல்ட் ஊடுருவிப் பிடித்த இரும்புத் தகடு அவசியம்.

எத்தனை கிலோ மோட்டார்

கடையில் 600 கிலோ, 800 கிலோ, 1000 கிலோ என்று சொல்வார்கள். அது கேட்டின் எடை. நன்றாக ஓடுகிற, மட்டமான ட்ராக்கில் இருக்கிற கேட்டை மனதில் வைத்துச் சொன்ன எடை அது. உங்கள் கேட்டின் எடையை இப்படிக் கணக்குப் போடலாம்: இரும்புத் தகடு ஒரு சதுர அடிக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 0.73 கிலோ. 12 அடி அகலம், 5 அடி உயரம், 2 மில்லிமீட்டர் தகடு என்றால் 60 பெருக்கல் 2 பெருக்கல் 0.73, சுமார் 88 கிலோ. சட்டத்துக்கு 50க்கு 50, மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள சதுரக் குழாய் போட்டிருந்தால் மீட்டருக்கு நாலரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு, இருபது மீட்டர் குழாய்க்கு இன்னொரு 88 கிலோ. வீலும் பூட்டும் சேர்த்து 180, 190 வரும். அந்தக் கணக்குக்கு இரண்டு மடங்குக்குக் குறையாமல் மோட்டார் எடுங்கள், அதற்கு மேல் மிகப் பெரியதாகவும் எடுக்க வேண்டாம், தேவைக்கு மீறிய பலமுள்ள மோட்டார் யாராவது குறுக்கே வந்தால் மோதுகிற விசையும் கூடுதலாக இருக்கும்.

230 வோல்ட்டில் நேராக ஓடுகிற மோட்டார் ஒரு வகை, 24 வோல்ட் டிசி மோட்டார் இன்னொரு வகை. வீட்டுக்கு நான் 24 வோல்ட்டைத்தான் சொல்வேன். பாட்டரி வைத்துக்கொள்ளலாம், கரண்ட் போனாலும் பல தடவை திறந்து மூடும், முடிவில் வேகம் குறைந்து மெதுவாக நிற்கும், தடை வந்தால் உணர்ந்து நிற்பதும் சுலபம். 230 வோல்ட் மோட்டாரை வீட்டு இன்வெர்ட்டரில் கொடுப்பதானால் சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும், பழைய ஸ்கொயர் வேவ் வகையில் மோட்டார் உறுமும், சூடாகும்.

கரண்ட் பில் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. 350 வாட் மோட்டார், ஒரு தடவைக்கு 20 விநாடி, ஒரு நாளைக்கு 20 தடவை என்று வைத்தாலும் மாதத்துக்கு ஒன்றேகால் யூனிட் கூட வராது. மோட்டாரை இயக்குகிற கண்ட்ரோல் போர்டும் ரிமோட் ரிசீவரும் நாள் முழுக்க விழித்திருப்பதற்குச் சில வாட் பிடிக்கும், ஐந்து வாட் என்றால் மாதத்துக்கு மூன்றரை யூனிட்.

வாங்கும்போது பெட்டியின் மேல் இருக்கிற பெயரைவிட முக்கியமாக மூன்று கேள்வி கேளுங்கள். உள் கியர் தனியாகக் கிடைக்குமா, கண்ட்ரோல் போர்டு தனியாகக் கிடைக்குமா, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இதைப் பிரித்துப் பார்க்கிற ஆள் இருக்கிறாரா.

மண் வேலையும் குழாயும்

மோட்டார் உட்காருகிற கான்கிரீட் மேடை கேட்டுக்கு உள்பக்கம், தூணை ஒட்டி வரும். அளவு மோட்டாரோடு வருகிற புத்தகத்தில் இருக்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஒன்றரை அடிக்கு ஒரு அடி, ஒரு அடிக்குக் குறையாத ஆழம். நிரவிய மண்ணாக இருந்தால் கெட்டி மண் வரும்வரை தோண்டுங்கள். மேடையின் மேல்மட்டம் தரையிலிருந்து கொஞ்சம் உயரமாக நிற்கட்டும், இங்கே பெய்கிற மழைக்கு அரை மணி நேரத்தில் முற்றத்தில் கணுக்கால் தண்ணீர் நிற்கும், மோட்டார் அதில் உட்காரக்கூடாது. நான் இரண்டு மூன்று அங்குலம் உயர்த்தச் சொன்னேன், அதற்கு ஏற்றபடி ரேக்கையும், அதாவது மோட்டாரின் பல்சக்கரம் தள்ளுவதற்காகக் கேட்டில் மாட்டுகிற பல் வைத்த பட்டையையும், உயர்த்திக்கொண்டோம்.

கான்கிரீட் போடும் முன்பே குழாய்களை உள்ளே விட்டுவிடுங்கள், மறந்தால் உடைக்க வேண்டிவரும். ஒரு குழாய் 230 வோல்ட் லைனுக்கு, இன்னொன்று சென்சார், விளக்கு, ஸ்விட்ச் இவற்றின் மெல்லிய வயர்களுக்கு. இரண்டையும் ஒரே குழாயில் போடக்கூடாது. அடுத்த தூணுக்கு, வண்டிப் பாதைக்குக் குறுக்கே ஒரு குழாய் போக வேண்டும் என்பதையும் இப்போதே நினைவு வையுங்கள், ஆள் குறுக்கே வந்தால் உணர்கிற சென்சாரின் மறு பாதி அங்கேதான் வரும். ஒன்றரை அடி ஆழம், வண்டி ஏறுகிற இடத்தில் கனமான குழாய். ஒவ்வொன்றிலும் ஒரு கயிற்றை விட்டுவைத்தால் பிறகு வயர் இழுக்கச் சுலபம். மேடைக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விடுங்கள். அவசரப்பட்டு மறுநாளே போல்ட் முறுக்கினால் மோட்டார் கேட்டைத் தள்ளுவதற்குப் பதில் தன்னையே தள்ளிக்கொண்டு ஆடத் தொடங்கும்.

கரண்ட் வேலை

இதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மழையில் நனைகிற இரும்புக் கேட்டில் கரண்ட் இணைக்கிறோம், வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் கை வைக்கிற இரும்பு. உங்கள் பங்கு, அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்து கேட்பது.

மெயின் போர்டிலிருந்து கேட்டுக்கு என்று தனி லைன், தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே இறங்கிக்கொள்கிற ஸ்விட்ச்), 6 ஆம்பியர் போதும். அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், கசிவு இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டுவது அதுதான். மூன்று கோர், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போதும், வீட்டிலிருந்து கேட் 50 மீட்டருக்கு மேல் இருந்தால் 2.5. மோட்டார் உடலுக்கு எர்த் சரியாக வந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், வாய்ச் சொல்லை ஏற்க வேண்டாம். மோட்டார் பக்கத்திலேயே ஒரு ஸ்விட்ச் இருப்பது நல்லது, மூடியைத் திறக்கும் முன் அணைக்க.

சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடி இறங்குகிற ஊர் நம்முடையது, அப்புறம் ஐப்பசியில் மறுபடியும். மின்னல் நேராக விழ வேண்டும் என்று கூட இல்லை, பக்கத்தில் எங்கேயாவது விழுந்தாலே லைனில் வருகிற ஏற்றத்துக்குக் கண்ட்ரோல் போர்டு கருகிவிடும். அக்கா வீட்டில் முதல் வருஷமே போர்டு போனது. அதற்குப் பிறகு லைனில் சர்ஜ் ப்ரொடெக்டர் வைத்தோம், இடி தொடங்கினால் எம்சிபியையும் இறக்கிவிடுகிறார்கள்.

மாட்டுவது

மேடையில் அடித்தகடை ரசமட்டம் வைத்து இறுக்குங்கள், கேட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். மோட்டாரை அதன் மேல் உட்கார்த்தி, சாவி போட்டுப் பிடியை விடுவியுங்கள், இப்போது பல்சக்கரம் கையால் சுற்றும். கேட்டை முழுவதும் திறந்து வையுங்கள். முதல் ரேக் துண்டை, ஒரு மீட்டர் நீளம் இருக்கும், பல்சக்கரத்தின் மேல் உட்கார்த்தி மட்டம் பார்த்துக் கேட்டில் துளையிட்டு மாட்டுங்கள். கேட்டைக் கையால் கொஞ்சம் தள்ளி, அடுத்த துண்டு. இரண்டு துண்டு சேருகிற இடத்தில் பல் இடைவெளி மாறக்கூடாது, அதற்கு ஒரு எளிய வழி: இன்னொரு துண்டு ரேக்கைத் தலைகீழாக, பல்லோடு பல் பொருந்தும்படி இணைப்பின் கீழே வைத்துப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள், இடைவெளி தானாகச் சரியாக வரும். துண்டுகளை ஒன்றோடொன்று வெல்டிங் செய்துவிடக்கூடாது.

எல்லாம் மாட்டிய பிறகு, ரேக்குக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், கேட்டின் எடை ஒருபோதும் மோட்டார் மேல் உட்காரக்கூடாது, அது வீலில்தான் நிற்க வேண்டும். எங்கள் முதல் மோட்டார் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிறகுதான் புரிந்தது. முழுத் தூரத்தையும் கையால் ஓட்டி, ஒவ்வோர் அடியிலும் அந்த இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். வெல்டிங் ஏதாவது செய்வதானால் அதற்கு முன் கண்ட்ரோல் போர்டின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், வெல்டிங் கரண்ட் போர்டைச் சுட்டுவிடும்.

முதல் ஓட்டத்துக்குக் கேட்டை நடுவில் நிறுத்திவிட்டுப் பிடியைப் பூட்டுங்கள். ரிமோட்டை அழுத்தினால் திறப்பதற்குப் பதில் மூடத் தொடங்கலாம், வயர் மாறியிருந்தால் அப்படி ஆகும், நடுவில் இருந்தால் நிறுத்த நேரம் கிடைக்கும். திசை சரியான பிறகு லிமிட் காந்தங்களை, அல்லது உங்கள் மோட்டாரில் ஸ்பிரிங் வகை என்றால் அதன் தகடுகளை, கேட் இரும்பு ஸ்டாப்பரைத் தொடும் முன் மூன்று நான்கு சென்டிமீட்டரில் நிற்கும்படி வையுங்கள்.

குழந்தை குறுக்கே வந்தால்

இந்தப் பகுதியை வேகமாகப் படிக்காதீர்கள். மோட்டார் வைத்த கேட்டுக்குக் கண் கிடையாது, கண் வைத்துக் கொடுக்க வேண்டியது நாம்.

கண்ட்ரோல் போர்டில் தள்ளும் பலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு அமைப்பு உண்டு. கேட் ஓடுவதற்கு எவ்வளவு குறைவாகப் போதுமோ அவ்வளவு மட்டும் வையுங்கள். ஐரோப்பாவில் இதற்கு ஈஎன் 12453 என்று ஒரு தரநிலை இருக்கிறது, கேட் மூடும் முனையில் ஆள் நசுங்கக்கூடிய இடைவெளியில் மோதல் விசை 400 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்கிறது, அதாவது சுமார் 40 கிலோ, அதுவும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு. பலத்தைக் கூட்டினால்தான் கேட் ஓடுகிறது என்றால் பலத்தைக் கூட்டாமல் கேட்டின் வீலைப் பாருங்கள்.

அடுத்து போட்டோசெல் சென்சார். இரண்டு தூணிலும் எதிரெதிராக, தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரத்தில். நடுவில் யாராவது நின்றால் மூடிக்கொண்டிருக்கும் கேட் நின்று திரும்பத் திறக்க வேண்டும். சில ஆட்கள் செலவைக் குறைக்க சென்சார் இல்லாமலே போர்டில் ஒரு துண்டு வயரை இணைத்து ஓட வைத்துவிடுவார்கள், வேலை முடிந்ததும் நீங்களே கேட் மூடும்போது ஒரு அட்டைப் பெட்டியைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். மேற்குப் பார்த்த வாசல் என்றால் சாயங்கால வெயில் சென்சாரின் ரிசீவர், அதாவது ஒளியை வாங்குகிற பாதியின் மேல் நேராக விழாதபடி பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ஐந்து மணிக்குக் கேட் காரணமில்லாமல் நிற்கும்.

ஒரு ஜோடி சென்சார் ஒரு கோட்டை மட்டும்தான் பார்க்கும். கம்பி வைத்த ஸ்லைடிங் கேட்டில் குழந்தை உள்ளே கை விட்டிருக்கும்போது கேட் நகர்ந்தால், கம்பிக்கும் தூணுக்கும் நடுவில் கை மாட்டும், அதை அந்தச் சென்சார் பார்க்காது. கேட்டின் மேல் நெருக்கமான வலையோ தகடோ அடித்து அந்த இடைவெளியை மூடிவிடுங்கள். பெரிய கேட்டிலேயே ஆள் மட்டும் நுழைகிற சின்னக் கதவு, அதாவது திட்டிவாசல், வெட்டியிருந்தால் அதில் ஒரு ஸ்விட்ச் வைத்து, அது திறந்திருக்கும்போது மோட்டார் ஓடாதபடி செய்ய வேண்டும்.

தானே மூடிக்கொள்கிற வசதியைச் சென்சார் சரியாக வேலை செய்வதைப் பல நாள் பார்த்த பிறகு வையுங்கள். எங்கள் வீட்டில் அதை வைக்கவே இல்லை. அக்கா பிள்ளைகள் லீவுக்கு வந்தால் கேட்டில் ஏறி சவாரி போகத்தான் முதலில் ஓடுவார்கள், ரிமோட் அவர்கள் கைக்கு எட்டாத ஆணியில் தொங்குகிறது.

ரிமோட் வாங்கும்போது ரோலிங் கோட் வகையா என்று கேளுங்கள், ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோட் மாறும், ஒருவர் அதைப் பிடித்து நகல் எடுத்துத் திறக்க முடியாது. ரிமோட் தொலைந்தால் போர்டின் நினைவை அழித்துவிட்டு மற்றவற்றை மறுபடி பதியுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

சாவி எங்கே இருக்கிறது

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு இந்த மாவட்டத்தில் பல நாள் கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டில் மட்டும்தான் கேட் மோட்டார் இருந்தது. மூடிய கேட்டுக்கு உள்ளே கார், வெளியே போக வேண்டிய அவசரம், பிடியை விடுவிக்கும் சாவி எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, அதை வாங்கி வைத்தவர் வெளிநாட்டில். கடைசியில் நாலு பேர் சேர்ந்து ரேக்கைக் கழற்றினார்கள்.

பாட்டரி இருந்தாலும் அது சில மணி நேரத்துக்குத்தான். எனவே மோட்டார் வைத்த அன்றே எம்சிபியை இறக்கிவிட்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் சாவி போட்டு, நெம்புகோலைத் திருப்பி, கேட்டைக் கையால் திறந்து மூடிக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு மூன்று தடவை காட்டினேன், இப்போது என்னைவிட வேகமாகச் செய்கிறார். ஒரு சாவி பூஜை அலமாரியில், ஒன்று பக்கத்து வீட்டில். உங்கள் வீட்டுக்கு இந்தக் கேட்டைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் வெளியிலிருந்தும் விடுவிக்கிற அமைப்பு உள்ளதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

பராமரிப்பு

முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல் என்று கடலோரம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றுதான் பெரிய வேலை. அக்கா வீட்டில் சாதாரண இரும்பு போல்ட் போட்டு ஒரே வருஷத்தில் துருவில் கரைந்தன, இப்போது 316 தர ஸ்டெயின்லெஸ் போல்ட், துத்தநாகம் பூசிய ரேக். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் ட்ராக்கையும் ரேக்கையும் கழுவுகிறார்கள், மோட்டார் பெட்டிமேல் மட்டும் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. ரேக்கில் கிரீஸ் தடவாதீர்கள், மணல் ஒட்டி அரத்தைப் போல ராவிவிடும். கிரீஸ் வீல் பேரிங்குக்கும் கீலுக்கும்தான்.

அப்புறம் எறும்பும் பல்லியும். போர்டின் இளஞ்சூடு பிடித்துப்போய் உள்ளே குடியேறும், பல்லி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே செத்துக் கிடந்து போர்டு போன கதை இங்கே நிறைய. வயர் உள்ளே வருகிற ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்து, உள்ளே ஒரு பாச்சை உருண்டை போட்டுவையுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை, எம்சிபியை இறக்கிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். மாதத்துக்கு ஒரு நாள் அட்டைப் பெட்டிச் சோதனை.

230 வோல்ட் மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் முதலில் பிடியை விடுவித்துக் கேட்டைக் கையால் தள்ளுங்கள். கேட் ஓடினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும், சின்ன விலைதான், எலக்ட்ரீஷியன் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார், கரண்டை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் இருக்கும் என்பதால் நீங்கள் தொட வேண்டாம். கேட்டும் ஓடவில்லை என்றால் ட்ராக்கில் கல் இருக்கிறதா, வீல் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் சத்தமே இல்லை, ரிமோட் விளக்கு மட்டும் எரிகிறது என்றால் சென்சார் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள், சிலந்தி வலை கட்டியிருக்கும்.